‘எனக்கும் அவனுக்கும்’: ஆங்கிலக் கூட்டு எழுவாயும் ஒரு வேற்றுமைச் சிக்கலும்

1992ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான பரப்புரையில், தமக்கும் துணை அதிபர் வேட்பாளர் அல் கோருக்கும் ஒரு வாய்ப்புத் தருமாறு பில் கிளின்டன் மக்களிடம் கேட்டார். ‘கிவ்’ என்னும் வினையை அடுத்து அவர் சொன்னது ‘அல் கோர் அண்ட் ஐ’. பள்ளி இலக்கணப்படி அது ‘அல் கோர் அண்ட் மீ’ என்று இருந்திருக்க வேண்டும். கிளின்டனுக்கு ஆங்கிலம் தாய்மொழி. ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையோடு பயின்றவர். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கும்போது ‘கிவ் ஐ’ என்று ஆங்கிலத் தாய்மொழியாளர் எவரும் சொல்வதில்லை. பக்கத்தில் இன்னொரு பெயர் வந்து உட்கார்ந்ததும் ‘மீ’ ஏன் ‘ஐ’ ஆகிறது?

ஆங்கிலம் கற்கும் நம் மாணவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். இதைப் பிழை திருத்தும் சிறு பயிற்சியாக மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. ஒரு மொழி தன் வேற்றுமை உருபுகளை இழந்தபின் எஞ்சியவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளத் தமிழ் படித்தவர்களுக்குக் கூடுதல் வசதி உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிக்கல் எங்கே?

விதி எளிது. ‘ஐ, ஹீ, ஷி, வீ, தே’ ஆகியவை எழுவாய் வடிவங்கள். ‘மீ, ஹிம், ஹெர், அஸ், தெம்’ ஆகியவை செயப்படுபொருளாகவோ, ‘டு, ஃபார், வித், பிட்வீன்’ போன்ற முன்னிடைச்சொற்களுக்குப் பின்னோ வருபவை. ‘யூ’, ‘இட்’ இரண்டும் எங்கும் மாறுவதில்லை. மாற்றுப்பெயர் தனியாக வரும்போது யாரும் தவறுவதில்லை. ‘அண்ட்’ போட்டு இரண்டு பெயர்களை இணைத்த உடனே இரண்டு வகைப் பிழைகள் முளைக்கின்றன.

முதல் வகை, எழுவாய் இடத்தில் செயப்படுபொருள் வடிவம்: ‘மீ அண்ட் ஹிம் வென்ட் டு த மார்க்கெட்’. இரண்டாம் வகை அதற்கு நேர்மாறு: ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’. முதலாவது, வீட்டிலும் தெருவிலும் கேட்கும் பேச்சு. இரண்டாவது, மேடையிலும் அலுவலகக் கடிதத்திலும் தலைகாட்டுவது. ஒரே விதியை மீறும் இவ்விரண்டுக்கும் பிறப்பிடம் வேறு.

உதிர்ந்த உருபுகள்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறின. எழுவாய்க்கு ஒரு வடிவம், ‘ஐ’ எனும் இரண்டாம் வேற்றுமைக்கு ஒன்று, ‘கு’ எனும் நான்காம் வேற்றுமைக்கு ஒன்று, உடைமைக்கு ஒன்று என்று தமிழைப் போலவே அந்த மொழியும் இயங்கியது. பிறகு அழுத்தம் இல்லாத இறுதி உயிர்கள் தேய்ந்தன; அவற்றைத் தாங்கிய ஈறுகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்தன. 1100 முதல் 1500 வரையிலான இடைக்கால ஆங்கிலத்தில் இந்தத் தேய்வு ஏறத்தாழ முற்றுப்பெற்றது. எது எழுவாய், எது செயப்படுபொருள் என்று காட்டும் வேலையைச் சொற்களின் வரிசை ஏற்றுக்கொண்டது. வினைக்கு முன் நிற்பது எழுவாய், பின் நிற்பது செயப்படுபொருள்.

பெயர்ச்சொல்லின் உடைமை வடிவத்தைத் தவிர, இந்தத் தேய்விலிருந்து தப்பியவை மாற்றுப்பெயர்கள் மட்டுமே. அவையும் முழுதாகத் தப்பவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘அவனை’ என்பதற்கு ‘ஹினே’ என்ற சொல்லும், ‘அவனுக்கு’ என்பதற்கு ‘ஹிம்’ என்ற சொல்லும் தனித்தனியே இருந்தன. ‘ஹிம்’ காலப்போக்கில் ‘ஹினே’வை விழுங்கிவிட்டது. நம் இலக்கணத்தின் இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை ஆகிய இரண்டின் சுமையையும் இன்று ‘ஹிம்’ என்ற ஒரே சொல் சுமக்கிறது.

இதைவிடப் பெரிய மாற்றம் முன்னிலையில் நடந்தது. முன்பு ‘யீ’ என்பது எழுவாய். ‘யூ’ என்பது செயப்படுபொருள். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியம் இந்த வேறுபாட்டைக் காத்தது. ஆனால் பேச்சில் அப்போதே ‘யூ’ எழுவாய் இடத்துக்கு வந்துவிட்டது. இன்று ஆங்கிலத்தில் ‘நீங்கள் வந்தீர்கள்’ என்று சொல்பவர் ஒவ்வொருவரும், பழைய கணக்கில், செயப்படுபொருள் வடிவத்தைத்தான் எழுவாயாக வைக்கிறார். அதைப் பிழை என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

உடைமையைத் தவிர, பெயர்ச்சொற்களில் வேற்றுமை இல்லை. வரிசையே எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. அப்படிப்பட்ட மொழியில் ‘ஐ’யும் ‘மீ’யும் பழைய வீட்டின் எஞ்சிய தூண்கள். அவை கூரையைத் தாங்கவில்லை. அதனால்தான் அவற்றின் இடம் தடுமாறுகிறது.

கேட்டால் வரும் வடிவம்

கதவைத் தட்டுகிறார் ஒருவர். உள்ளிருந்து ‘யாரது?’ என்று கேட்கிறார்கள். தமிழர் ‘நான்’ என்பார். ஜெர்மானியர் ‘இஷ்’ என்பார். அதுவும் எழுவாய் வடிவமே. ஆங்கிலேயர் ‘மீ’ என்பார். பிரெஞ்சுக்காரர் ‘முவா’ என்பார்; அது எழுவாய்க்குரிய ‘ழ’ அன்று, தனித்து நிற்பதற்கென்றே உள்ள வடிவம்.

இந்தச் சிறு சோதனை ஒரு பெரிய வேறுபாட்டைக் காட்டுகிறது. எந்த வினையோடும் நேரடியாகப் பிணையாமல் ஒரு மாற்றுப்பெயர் தனித்து நிற்கும்போது எந்த வடிவத்தைத் தருவது என்பதில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் இயல்பு உண்டு. மொழியியலாளர் இதை இயல்நிலை வேற்றுமை என்பர். தமிழிலும் ஜெர்மனிலும் அது எழுவாய் வேற்றுமை. ஆங்கிலத்தில் அது ‘மீ, ஹிம்’ வரிசை.

‘மீ அண்ட் ஹிம் வென்ட்’ எப்படிப் பிறக்கிறது என்பது இங்கே தெளிவாகிறது. ‘ஐ’ என்பது ஆங்கிலத்தில் வினையை ஒட்டியே வாழும் சொல்லாகிவிட்டது. ‘அண்ட்’ வந்து ஒரு தொடரை அமைத்ததும், உள்ளே இருக்கும் மாற்றுப்பெயருக்கும் வினைக்கும் இடையே ஒரு சுவர் எழும்புகிறது. சுவருக்கு உள்ளே இருப்பது இயல்நிலை வடிவத்துக்குத் திரும்புகிறது. பிரெஞ்சு மொழியில் இதுவே முறையான இலக்கணம்; ‘அவனும் நானும்’ என்பதற்கு அவர்கள் ‘லுய் ஏ முவா’ என்றுதான் எழுதுகிறார்கள். ஆங்கிலக் குழந்தை சொல்வதும் அதே முறைதான். பள்ளி அதைப் பிழை என்கிறது. பிரெஞ்சுப் பள்ளி அதைப் பாடமாக வைக்கிறது.

தமிழ்க் குழந்தையிடம் இந்தப் பிழை பிறப்பதில்லை. ‘என்னையும் அவனையும் கடைக்குப் போனோம்’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. நமது இயல்நிலை ‘நான்’. ஆகவே நம் மாணவன் ஆங்கிலத்தில் தவறும்போது பெரும்பாலும் இரண்டாம் வகைப் பிழையையே செய்கிறான்: செயப்படுபொருள் இடத்தில் ‘ஐ’யை வைக்கிறான். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், ஆங்கிலத் தாய்மொழிக் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட திருத்தங்களை அப்படியே நம் வகுப்பறைக்குக் கொண்டுவருவது பொருந்தாது.

திருத்தம் வளர்த்த பிழை

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குச் சட்டம் எழுதும் முயற்சிகள் பெருகின. 1762இல் ராபர்ட் லோத் எழுதிய இலக்கணம் வெளிவந்தது. பின்னாளில் லண்டன் பேராயரான அவர், ஷேக்ஸ்பியர், மில்டன் போன்ற பெரும் எழுத்தாளர்களின் தவறுகளை அடிக்குறிப்புகளில் எடுத்துக்காட்டினார். 1795இல் லின்ட்லி மர்ரே எழுதிய இலக்கண நூல் பல பதிப்புகள் கண்டு, பல தலைமுறைகளுக்குப் பள்ளிப் பாடமானது. லத்தீன் இலக்கணத்தின் சட்டகம் இந்த நூல்களின் பின்னால் இருந்தது. எதிர்க்குரலும் எழாமல் இல்லை. ஆக்சிஜன் ஆய்வுக்காக நாம் அறிந்த ஜோசஃப் பிரீஸ்ட்லி 1761இல் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். மக்கள் வழக்கே அளவுகோல் என்பது அவர் நிலைப்பாடு. ஆனால் பள்ளியில் வென்றது விதிமுறை இலக்கணம்.

அதன் விளைவாகத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் ஒரு கண்டிப்பைக் கேட்டு வளர்ந்தனர்: ‘மீ அண்ட் ஜான் என்று சொல்லாதே, ஜான் அண்ட் ஐ என்று சொல்.’ காரணம் சொல்லப்படவில்லை. குழந்தை எடுத்துக்கொண்ட பாடம், ‘அண்ட் என்பதற்குப் பின் மீ வந்தால் மரியாதைக் குறைவு’ என்பது. பிறகு அந்த அச்சம் எல்லா இடங்களுக்கும் பரவியது. ‘மீ’ சரியாக இருந்த இடத்திலும் ‘ஐ’ ஏறி உட்கார்ந்தது.

இதற்கு மிகைத்திருத்தம் என்று பெயர். நம்மிடையேயும் இது உண்டு. ழகரத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று கண்டிக்கப்பட்டவர்கள் சிலர், ‘அவர்கள்’ என்பதை ‘அவர்கழ்’ என்றும், ‘மக்கள்’ என்பதை ‘மக்கழ்’ என்றும் ஒலிப்பதைக் கேட்டிருப்போம். ழகரம் எங்கே வரும் என்று கற்றுத்தராமல், ‘ழகரம் உயர்ந்தது’ என்ற எண்ணத்தை மட்டும் விதைத்தால் வேறு என்ன விளையும்?

ஆனாலும் முழுப்பழியையும் பள்ளிமேல் போட முடியாது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகம் 1600இல் அச்சானது. அதில் அன்டோனியோ தன் நண்பன் பசானியோவுக்கு எழுதும் கடிதத்தில், ‘பிட்வீன்’ என்னும் சொல்லுக்குப் பின் ‘ஐ’ வருகிறது. லோத்தின் இலக்கணத்துக்கு 160 ஆண்டுகள் முந்தையது இது. முதல் ஆங்கில இலக்கண நூலாகக் கருதப்படும் வில்லியம் புல்லோக்கரின் சிறு நூலே 1586இல்தான் வந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டிலும் இவ்வழக்கு பரவலாக இருந்தது. ‘யூ அண்ட் ஐ’ என்பதை உடைக்க முடியாத ஒரே சொல்லாகக் கருதும் போக்கு முன்பே இருந்திருக்கிறது. காரணம் சொல்லாத கண்டிப்பு அந்தப் போக்குக்குக் கௌரவத்தைச் சேர்த்தது.

வரிசை வேறு, வேற்றுமை வேறு

இந்தக் குழப்பத்தை இன்னும் ஆழமாக்குவது மரியாதை வரிசை. நம் நாட்டில் போட்டித் தேர்வுக்குப் படித்த எவருக்கும் ‘231’ என்ற எண் நினைவிருக்கும். முன்னிலை (2), படர்க்கை (3), தன்மை (1) என்ற வரிசையில் ‘யூ, ஹீ அண்ட் ஐ’ என்று எழுத வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது மட்டும் வரிசையை ‘123’ என்று மாற்றித் தன்மையை முதலில் வைக்க வேண்டும் என்று பயிற்சி மையங்களில் சொல்லித்தருகிறார்கள். பல பத்தாண்டுகளாக இந்தியப் பள்ளிகளில் புழங்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணமும் இந்த வரிசையை நன்னடத்தையின்பாற்பட்டது என்றே விளக்குகிறது.

நன்னடத்தை மொழிக்கு மொழி மாறும். லத்தீனில் தன்மையை முதலில் வைப்பதே முறை. ஷேக்ஸ்பியரும் ஜான் ஃபிளெட்சரும் சேர்ந்து எழுதிய ‘எட்டாம் ஹென்றி’ நாடகத்தில், கர்தினால் உல்சிமேல் ஒரு குற்றச்சாட்டு வருகிறது: வெளிநாடுகளுக்கு எழுதிய கடிதங்களில் லத்தீனில் ‘நானும் என் அரசரும்’ என்று தன்னை அரசருக்கு முன் வைத்தார் என்பது. லத்தீன் இலக்கணப்படி அந்த வரிசையில் ஒரு தவறும் இல்லை. ஆங்கில மரியாதையை லத்தீன் தொடர்மேல் ஏற்றியதால் இலக்கணம் அரசியல் குற்றமாகிவிட்டது. தமிழிலும் ‘நானும் அம்மாவும் வந்தோம்’ என்பதில் அம்மாவை அவமதிப்பது எதுவும் இல்லை.

ஆகவே மாணவனுக்கு இரண்டு செய்திகளைத் தனித்தனியே சொல்ல வேண்டும். ‘ஐ அண்ட் ஹீ வென்ட்’ என்பதில் வேற்றுமைப் பிழை இல்லை, வரிசை மட்டுமே ஆங்கில வழக்குக்கு ஒவ்வாதது. ‘ஹிம் அண்ட் ஐ வென்ட்’ என்பதில் வரிசை சரி, வேற்றுமை தவறு. ‘231’ என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவன், ‘தே இன்வைட்டட் ஹீ அண்ட் ஐ’ என்று எழுதிவிட்டு, வரிசை சரியாக இருப்பதால் வாக்கியமும் சரி என்று நம்பிவிடுகிறான்.

மொழியியலாளர் என்ன சொல்கிறார்கள்?

1986இல் ஜோசஃப் எமன்ட்ஸ் என்ற மொழியியலாளர் கடுமையான ஒரு வாதத்தை முன்வைத்தார். கூட்டு எழுவாயில் ‘ஹீ அண்ட் ஐ’ என்று சொல்வது, குழந்தை தாய்மொழியாக இயல்பாகப் பெறும் இலக்கணத்தில் சேராது. பள்ளியும் சமூக மதிப்பும் தனியே புகட்டுவது என்றார். 1997இல் நிக்கலஸ் சோபின் இதைத் தொடர்ந்தார். இத்தகைய விதிகளுக்கு அவர் ‘இலக்கண வைரஸ்’ என்று பெயரிட்டார். அவை வாக்கியத்தின் அமைப்பைப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட சில சொற்கள் அடுத்தடுத்து வருவதை மட்டும் பார்க்கின்றன. ‘அண்ட்’ என்பதற்குப் பின் ‘ஐ’ என்பது அத்தகைய விதி. அதனால்தான் ‘ஃபார் யூ அண்ட் ஐ’ என்பது அடிக்கடி காதில் விழுகிறது. ‘ஃபார் ஐ அண்ட் யூ’ என்பது விழுவதே இல்லை.

1994இல் ஸ்டீவன் பிங்கர் கிளின்டனுக்காக வாதாடினார். ‘ஷி அண்ட் ஜெனிஃபர்’ என்ற தொடரில் ஒவ்வொருவரும் ஒருமை. ஆனாலும் தொடர் முழுவதும் பன்மை, ‘ஆர்’ என்ற வினையே வருகிறது. முழுத் தொடரின் எண் உறுப்புகளின் எண்ணோடு ஒத்துப்போகத் தேவையில்லை என்றால், வேற்றுமை மட்டும் ஏன் ஒத்துப்போக வேண்டும் என்பது அவர் கேள்வி. 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் தொகுத்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணமும், கற்றவர் பலர் பயன்படுத்தும் ‘அண்ட் ஐ’ வழக்கைத் தரமான ஆங்கிலத்துக்குப் புறம்பானது என்று ஒதுக்கிவிட முடியாது என்ற நிலையை எடுத்தது.

பிங்கரின் வாதம் ஆங்கிலத்தைப் பொறுத்தவரை வலுவானது. ஆனால் எல்லா மொழிகளுக்கும் அது பொதுவிதி ஆகாது. ‘நானும் அவனும் வந்தோம்’ என்னும்போது தமிழிலும் எண் முழுத் தொடரைச் சேர்ந்தது. ‘வந்தோம்’ என்ற பன்மை அதைக் காட்டுகிறது. வேற்றுமையோ ஒவ்வோர் உறுப்பிலும் தனித்தனியே உட்காருகிறது: என்னையும் அவனையும், எனக்கும் அவனுக்கும், என்னோடும் அவனோடும். ஜெர்மனும் இப்படித்தான், ‘உனக்கும் எனக்கும் இடையே’ என்று சொல்ல அவர்கள் இரண்டு சொல்லையும் ‘கு’ வேற்றுமை வடிவத்தில் வைக்கிறார்கள். உருபுகள் உயிரோடு இருக்கும் மொழியில் வேற்றுமை ‘உம்’மைத் தாண்டி உள்ளே போகும். பள்ளி ஆங்கிலம் கேட்பது அதைத்தான். பழைய ஆங்கிலத்தில் இருந்ததும் இன்று பேச்சு ஆங்கிலம் இழந்துவருவதுமான ஒழுங்கு தமிழில் முழுமையாக இருக்கிறது.

தமிழ் தரும் உரைகல்

தமிழில் எண்ணும்மை வேற்றுமை உருபுக்குப் பின்னரே வரும். ‘அவர் குமரனையும் என்னையும் அழைத்தார்’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தால், ‘ஐ’ உருபு இரு இடத்திலும் தெரிகிறது. எனவே ஆங்கிலத்தில் ‘குமரன் அண்ட் மீ’. ‘இது உனக்கும் எனக்கும் இடையே’ என்றால் ‘கு’ உருபு தெரிகிறது. எனவே ‘பிட்வீன் யூ அண்ட் மீ’. ‘நானும் அவளும் போனோம்’ என்றால் உருபே இல்லை. எனவே ‘ஷி அண்ட் ஐ’.

இந்த உரைகல் ஓரிடத்தில் ஏமாற்றும். தமிழில் பிடித்தல், தெரிதல், வேண்டுதல், பசித்தல் போன்ற வினைகளுக்கு உரியவர் நான்காம் வேற்றுமையில் வருவார். ‘எனக்கும் அவளுக்கும் விடை தெரியும்’ என்பதைப் பார்த்து ‘ஹெர் அண்ட் மீ நோ’ என்று எழுதினால் தவறு. ‘ஷி அண்ட் ஐ நோ த ஆன்சர்’ என்பதே சரி. ‘என்னாலும் அவனாலும் முடியும்’ என்பதும் ஆங்கிலத்தில் ‘ஹீ அண்ட் ஐ கேன்’ என்றாகும்.

அதனால் தமிழ் உரைகல்லோடு இன்னொரு சோதனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூட்டை உடைத்து, ஒவ்வொருவரையும் தனியே நிறுத்திப் பார்ப்பது அது. ‘ஹீ வென்ட்’, ‘ஐ வென்ட்’. இரண்டும் சரி, ஆகவே ‘ஹீ அண்ட் ஐ வென்ட்’. ‘ஹீ கால்டு மீ’ என்பதே சரி, ‘ஹீ கால்டு ஐ’ நில்லாது. ஆகவே ‘ஹீ கால்டு குமரன் அண்ட் மீ’. ‘பிட்வீன்’ என்ற சொல்லுக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது. இருவர் இல்லாமல் ‘இடையே’ இல்லை. அங்கே தமிழ் கைகொடுக்கிறது. ஒன்று தோற்கும் இடத்தில் மற்றொன்று நிற்கிறது.

நம் நாட்டில் பரவியிருக்கும் இன்னொரு வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். ‘ஐ’யா ‘மீ’யா என்ற ஐயம் வரும்போது பலர் ‘மைசெல்ஃப்’ என்ற சொல்லுக்குள் ஒதுங்குகிறார்கள்: ‘மைசெல்ஃப் அண்ட் குமரன் அட்டெண்டட் த மீட்டிங்’. அதே எழுவாயைத் திரும்பச் சுட்டவோ, அழுத்தம் தரவோ வரும் சொல் அது. எழுவாய் இடத்தில் அது தனியே நிற்காது. கூட்டை உடைத்துப் பார்த்தால் ‘மைசெல்ஃப் அட்டெண்டட்’ என்று அதன் குறை உடனே வெளிப்படும்.

ஆசிரியர்களுக்கு

‘யீ’ போய் ‘யூ’ வந்ததைப் போல, ‘ஐ’க்கும் ‘மீ’க்கும் இடையிலான எல்லையும் ஒருநாள் மாறலாம். பேச்சில் ‘மீ அண்ட் ஹிம்’ என்பவரை அறிவில்லாதவர் என்று எண்ணுவதற்கு மொழியியலில் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் தேர்வுத்தாளும் வேலை விண்ணப்பமும் ஆய்வுக்கட்டுரையும் இன்றும் பழைய எல்லையையே கேட்கின்றன. அந்த எல்லையை அறியாமல் நம் பிள்ளைகள் மதிப்பெண்ணையும் வாய்ப்பையும் இழக்கக் கூடாது.

விதியைச் சொல்லும்போது காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் இல்லாத கண்டிப்பு எப்படிப் புதுப்பிழையை வளர்க்கிறது என்பதற்கு ஆங்கிலத்தின் 250 ஆண்டு அனுபவம் சான்று. முதல், இரண்டாம், நான்காம் வேற்றுமைகளைத் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்த மாணவனே உங்கள் முன் இருக்கிறான். ஆங்கில வகுப்பின் கரும்பலகையில் ‘நானும் அவனும்’, ‘என்னையும் அவனையும்’, ‘எனக்கும் அவனுக்கும்’ என்று மூன்று வரி எழுதி, அவற்றுக்கு எதிரே ஆங்கில வடிவங்களை எழுதிக் காட்டுங்கள். அவன் புதிதாகக் கற்க வேண்டியது மிகக் குறைவு.